பின்பலகை தாழ்ந்த படகு

ஹார்ன் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஏப்ரல், 1966

டொராண்டோவில் இருக்கும் என் இளைய மகன் லியாண்டருக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி ட்ரிஃபீனா எழுதும் கடிதம் இது. இந்தக் குளிர்காலமும் எங்களை விட்டுவைத்திருக்கிறது. உன் உடம்பும் வேலையும் கர்த்தர் கையில் பத்திரமாக இருக்கின்றன என்றே நம்பியிருக்கிறேன். துறையில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. காட்டில் மட்டும் இன்னும் இடுப்பளவு பனி. உன் அண்ணன் கார்லண்ட் படகுச் சட்டங்களுக்கு மரம் வெட்டப் போயிருக்கிறான். அவன் திரும்புவதற்குள் இது தபால் கப்பல் ஏறிவிட வேண்டும்.

நீ அனுப்பிய இரண்டு படகு வரைபடங்களும் வந்தன. சமையலறை மேசையில் விரித்து, மூலைக்கு ஒரு கோப்பையை வைத்துப் பார்த்தோம். எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியும். ஆனால் படகின் உருவம் தெரியும்.

ஒன்று நீளம், ஒல்லி. வயிறு தட்டை. மோட்டார் மாட்டும் பின்பலகையை நடுவில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கியிருக்கிறார்கள். அதற்கும் கடலுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. இன்னொன்று குட்டை, கனம். அதிலும் பலகை தாழ்வுதான், ஆனால் மோட்டாருக்கு முன்னால் உயரமாக ஒரு குறுக்குப் பலகை வைத்துத் தொட்டி போல அடைத்திருக்கிறது. பின்னால் ஏறும் தண்ணீர் அந்தத் தொட்டியில் விழுந்து, ஓட்டை வழியாக வெளியே போய்விடும்.

கார்லண்ட் நீளமானதைத்தான் கட்டுவேன் என்கிறான். அந்தத் தாளில் உள்ள படத்தில் ஒருவன் ஓட்டுகிறான், பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். "பாருங்கப்பா, எவ்வளவு வேகம், ஆனா அந்தம்மாவுக்கு ஒரு முடி கலையல" என்று சிரித்தான். "இரண்டு பக்கமும் மரம் நிக்குது பாருடா. இது ஏரி" என்றேன். "தண்ணி எல்லாம் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டான்.

மகனே, நம் ஊர் ஈசாயா ஹானை நீ மறந்திருக்க மாட்டாய். அவன் கடலோடு போனபோது நீ இங்கே இல்லை, நான் பார்த்தேன். அவனும் தபாலில் வரைபடம் வாங்கித்தான் பிளைவுட் படகு கட்டினான். இதே வளைவு, இதே தாழ்ந்த பின்பலகை. நல்ல வெயில், காற்றே இல்லை. பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். துறை வாய்க்குள் பறந்து வந்தான், கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். அவன் அம்மாவுக்குக் கை காட்ட, மோட்டாரைச் சட்டென்று அடக்கினான். படகு நின்றது. அது கிளப்பிவிட்ட அலை நிற்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த அவனுடைய அலையே பலகை மேல் ஏறி உள்ளே விழுந்தது. மோட்டாரின் கனம் படகைப் பின்பக்கமாகக் கீழே இழுத்துவிட்டது. காட்டிய கையை அவன் இறக்கவே இல்லை. நாங்கள் துடுப்பு போட்டுப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இறைக்கும் தகரம் ஒன்றுதான் மிதந்தது.

நம் பழைய படகு, நிறுத்தினால் நிற்கும். தன் அலையே தன்னைத் துரத்தி வரும் படகை அதற்குமுன் நான் கண்டதில்லை.

இதைச் சொன்னால் கார்லண்ட், "நீங்க கட்டின படகு நம்ம எல்லாரும் செத்த பிறகும் மிதக்கும்பா. ஆனா நேரத்துக்குப் போய்ச் சேராது" என்கிறான். அது உண்மைதான். போன வருடத்துக்கு முந்தைய வருடம் நவம்பரில் நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிரசவ வலி எடுத்த இவளை, இதை எழுதுகிறவளை, ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில், கலங்கரை விளக்குக்கு நேராக, குழந்தை பிறந்தது. அழவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு வேகம் ஒன்றுதான் நினைப்பு. இப்போது அக்டோபரில் மறுபடியும் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறது. அவன் பயம் அவனுக்கு, என் பயம் எனக்கு.

தொட்டி வைத்த படகும் பழையதைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போகும். அது போதாதா? "நான் என்ன ஈசாயாவா, நடுக்கடல்ல கை காட்ட? மோட்டாரை மெதுவாத்தான் அடக்குவேன்" என்று சத்தியம் செய்கிறான். அடக்குவான், தனியாகப் போனால். போன தடவை இவள் கத்தியபோது அவன் சுக்கானை விட்டுவிட்டு ஓடி வந்தான். படகு அலைக்குக் குறுக்கே திரும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. கனமான படகு, பொறுத்துக்கொண்டது. இவள் மறுபடி கத்துவாள். இவன் மறுபடி திரும்பிப் பார்ப்பான். கை மோட்டாரைச் சட்டென்று அடக்கிவிடும். அந்த அலை பின்னால் வந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் இவள் பேனா நின்றுவிட்டது. எழுதும்மா என்றேன். "நான் கத்த மாட்டேன் மாமா" என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

எனக்கு இந்த மோட்டார்களைப் பற்றித் தெரியாது, லியாண்டர். நான் நினைப்பது தப்பாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் மேசையில் கிடக்கும்போது என்னால் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. நான் வாயால் சொல்வது அவன் காதில் ஏறாது. டொராண்டோவிலிருந்து எழுத்தில் வந்தால் ஏறும். நீளமான படகுக்கு நீ வாங்கி அனுப்பவேண்டிய பலகை கடையில் இல்லை என்று எழுது. இல்லை, அங்கே எல்லோரும் தொட்டி வைத்த படகுதான் கட்டுகிறார்கள் என்று எழுது. பொய்தான், பரவாயில்லை. பலகை கப்பல் ஏறுவதற்கு முன்னால் எழுது.

உன்னையும், காட்டில் இருப்பவனையும், இதை எழுதுகிறவளையும், அவள் சுமப்பதையும் கர்த்தர் கரை சேர்க்கட்டும்.

உன் அப்பா
ஒபதியா கீப்பிங்
(கீழே இருக்கும் சிலுவைக் குறி மாமா போட்டது.)

×

தம்பி, மாமா அடுப்புக்கு விறகு எடுக்கப் போயிருக்கிறார். அவர் சொன்னதில் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன். நீ பொய் எழுதாதே, உன் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். ட்ரிஃபீனாவுக்கு இந்தப் படகைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுது. நான் பேச வாயெடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். கடிதமென்றால் கடைசிவரை படிப்பார்.

கத்த மாட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். கத்துவேன், தம்பி.