வெள்ளை உடுப்பின் குறுக்கு மடிப்பு

தம்பி தொரை, இன்று உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மழை விட்டு வெயில் வந்ததே, துணியைக் காயப் போடலாம் என்றுதான். மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. நீ போன மாசியிலிருந்து அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. மேலேயே இருந்தது உன் கப்பல் படை வெள்ளை. அகலமான நீலக் காலர், அதற்கடியில் கட்டும் கறுப்புப் பட்டுத் துணி, வட்டத் தொப்பி. பேண்ட்டில் நீ போட்ட குறுக்கு மடிப்பு இன்னும் கலையவில்லை.

கப்பல் படை என்றால் நம் ஒசூர் மூக்கண்டப்பள்ளியில் அப்போது யாருக்குத் தெரியும்? இங்கே தெரிந்த யூனிபாரம் கம்பெனி யூனிபாரம்தான். உன் போட்டோவை அம்மா வாசலுக்கு நேரே மாட்டி வைத்தாள். பக்கத்து வீட்டு நாகம்மா பார்த்துவிட்டு, "தம்பி எந்த பேண்டு செட்ல ஊதறான்? எங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லுங்களேன்" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். அம்மாவுக்கு அதுதான் சுருக்கென்றது. அன்றைக்குப் பிடித்த ஆசை அவளுக்கு. அந்த உடுப்போடு நீ ஒரு தடவையாவது நம் தெருவில் நடக்க வேண்டும்.

நீயோ லீவுக்கு வரும்போதெல்லாம் கட்டம் போட்ட சட்டையில்தான் வருவாய். அம்மா கேட்டால், "லீவுக்கு அது இல்லம்மா" என்பாய். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாய். எண்ணெயும் கிரீஸும் படுகிற வேலைக்கு வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பேண்ட். சாதாரண நாளில் வெளியே போக வெள்ளை, நெஞ்சில் மெடலுக்குப் பதில் ரிப்பன் துண்டு மட்டும். பரேடு என்றாலோ, பெரிய அதிகாரி கப்பலேறுகிறார் என்றாலோ அதே வெள்ளையில் முழு மெடல், இடுப்பில் பெல்ட், கணுக்காலில் பட்டை. குளிர் ஊர்களில் கருநீலக் கம்பளி.

"ஒசூர்லயுந்தான் மார்கழியில நடுக்குது. அந்தக் கம்பளியைப் போட்டுக்கிட்டு வாயேன்டா."

"எனக்குக் குளிருதுன்னு நானா மாத்த முடியாதும்மா. ஆர்டர் வந்தா எல்லாரும் ஒரே நாள்ல மாத்துவோம்."

"கேட்டியாடி, குளிர்றதுக்குக்கூட ஆர்டராம்!" என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் ஆசையை விடவில்லை.

கொச்சியிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு உனக்கு மாற்றல் ஆனபோதுதான் அது கூடி வந்தது. லீவு இல்லை, டூட்டிப் பயணம், அதனால் உடுப்போடு வந்தாய். ஒரே ஒரு நாள்தான் வீட்டில். ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகள் பஸ்ஸில் ஏறியதும் சீட்டை விட்டு எழுந்து நின்றுகொண்டே வந்தாயாம். அப்படியும் முழங்காலில் ஒரு தக்காளி நசுங்கியிருந்தது. விடியும் முன்பே வந்துவிட்டதால் தெருவில் ஒருத்தரும் பார்க்கவில்லை. நீ குளித்துவிட்டுப் படுத்துவிட்டாய்.

நீ தூங்கும்போது அம்மா பேண்ட்டைத் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி வண்டி முனியப்பாவிடம் கொடுத்தாள். அவர் கம்பெனி ஆபீசர்களுக்குப் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் கத்தி போலக் கோடு எடுத்துக் கொண்டுவந்தார். நீ எழுந்து பார்த்துத் தலையில் கை வைத்தாய்.

"ஐயோ, எங்களுக்கு நெடுக்குக் கோடு கிடையாதும்மா. குறுக்கு மடிப்புதான். இப்படிப் போய் நின்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்க."

"குறுக்கே கோடு விழுந்தா இங்க ஆபீசருங்க என்னை அடிக்க வருவாங்க தம்பி" என்றார் முனியப்பா.

நீ பேண்ட்டில் தண்ணீர் தெளித்தாய். உள்பக்கத்தை வெளியே திருப்பி, விசிறி மாதிரி மடித்து, அம்மாவின் பாய்க்கடியில் வைத்தாய். அம்மா அதன்மேல் படுத்துக்கொண்டாள். மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. நாகம்மா குடத்தோடு வந்து கத்தினாள்.

"அக்கா, தண்ணி நின்னுடும், எழுந்து வாங்க!"

"நான் எழுந்தா என் பையன் வேலை போயிடும்டீ. எனக்கும் சேர்த்து நீயே புடிச்சு வை."

சாயங்காலம்வரை அசையவில்லை அவள். பிறகு நீ உடுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாய். அம்மா உன்னோடு சேர்ந்து நடக்காமல் கொஞ்சம் பின்னாலேயே வந்தாள், முழுசாகப் பார்க்க வேண்டும் என்று. நாகம்மா வாசலில் நின்று, "பேண்டு செட்டுக்காரன் இப்படி நடக்க மாட்டான்க்கா" என்றாள். "நாள் பார்த்துத்தான் போடுவான் என் பையன்" என்றாள் அம்மா. போட்டோவைக் காட்டி யாருக்கும் விளக்கம் சொல்வதை அதோடு விட்டுவிட்டாள்.

சர்வீஸ் முடிந்து படையிலிருந்து இறங்கி வந்து, கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகக் காக்கி போட்டாய். கல்யாணம் வேண்டாம் என்று என் வீட்டோடே இருந்தாய். அம்மா அப்போது இல்லை. சுதந்திர தினத்துக்கு வெள்ளையில் வரச் சொல்லி மேனேஜர் கேட்டார். நீ சாதாரணச் சட்டையில் மெடலை மட்டும் குத்திக்கொண்டு போனாய். ஏன்டா என்று கேட்டேன். "இறங்கினவனுக்கு அது இல்லக்கா" என்றாய்.

மாசியில் நீ கண்ணை மூடினாய். உன்னைக் குளிப்பாட்டிய பிறகு முனியப்பாதான் முதலில் என்னிடம் கேட்டார், "ஏம்மா, தம்பியோட வெள்ளை டிரஸ் எங்க? அதுலயே அனுப்பிடலாம்." நாகம்மாவும் அதையே சொன்னாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இறங்கினவனுக்கு அது இல்லை என்று நீ சொன்னதுதான் எனக்குக் காதில் நின்றது. கோடி வேட்டி கட்டச் சொன்னேன். துண்டின்மேல் மெடலைக் குத்தி, தூக்கும் முன்பு கழற்றி வைத்துக்கொண்டேன். நாகம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "ராசா மாதிரி போயிருப்பான்" என்று குழாயடியில் இன்றும் சொல்கிறாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வெள்ளையைக் கொடியில் போடவில்லை. மடிப்போடு வெயிலில் வைத்து எடுத்து, என் பாய்க்கடியில் வைத்திருக்கிறேன். வேலைக்கு எது, பரேடுக்கு எது, குளிருக்கு எது என்று அத்தனையும் சொன்னாயே. அந்த ஒரு நாளுக்கு எது என்று மட்டும் சொல்லாமல் போனாய். வேட்டி கட்டி அனுப்பினேனே தொரை, அது சரிதானா?