அத்திப்பள்ளியில் இறக்கி வைத்தது

அண்ணி,

இன்று காலை ஊறுகாய் தீர்ந்துபோன பாட்டில் ஒன்றை என் மருமகள் கழுவப் போட்டிருந்தாள். வாயகன்ற கண்ணாடி பாட்டில். சும்மா இருக்கிறோமே என்று நான் எடுத்துக் கழுவினேன். எனக்கு மட்டும் அதிலிருந்து ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

அப்போது நாம் எல்லோரும் பாகலூரில் ஒரே வீட்டில் இருந்தோம். வலது அடிவயிற்றில் வலி, வாந்தி, காய்ச்சல் என்று சுருண்டு கிடந்த உங்களை ஓசூருக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வீக்கம் என்றுதான் டாக்டரும் நினைத்து அறுத்தார். எடுத்ததை அண்ணனிடமும் என்னிடமும் தட்டில் காட்டினார். "வலியெல்லாம் அதே மாதிரிதான். ஆனா இது வேற. உள்ள பூரா கூழாட்டம் சளி. டெஸ்ட் பண்ணியே ஆகணும்."

அந்தப் பரிசோதனைக்கு வீட்டு ஆள்தான் பெங்களூருக்கு எடுத்துப் போக வேண்டும். நம் வீட்டு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன். மருந்துத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுத் தந்தார்கள். அண்ணனுக்குக் கம்பெனியில் லீவு இல்லை. "தம்பி போயிட்டு வந்துருவான், விடுங்க" என்றீர்கள் கட்டிலில் படுத்தபடி.

பஸ்ஸில் மூடி கசிந்தது. பக்கத்து ஆள் மூக்கைப் பொத்தினார். கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் ஏறிய கன்னடப் போலீஸ்காரர் என் மடியிலிருந்த பையைத் தட்டி, "ஏனப்பா இது, சாராயினா?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. விஷயத்தைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அத்தனை ஆண்கள் நடுவில் அண்ணியின் வயிற்றைப் பற்றிப் பேச எனக்கு வெட்கம். பெரிய மானஸ்தன். "கெட்டுப்போன ஊறுகா சார்" என்று முனகிவிட்டு இறங்கி, சாக்கடை ஓரம் பாட்டிலை வைத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். அப்புறம் பொழுது சாயும்வரை பெங்களூரில் சுற்றினேன்.

சில நாள் கழித்து, ரிசல்ட் வாங்குவதாகச் சொல்லி இன்னொரு முறையும் கிளம்பினேன். "ஒண்ணும் இல்லையாம் அண்ணி." வலி போயிருந்தது. அந்த டாக்டரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். யாரும் காகிதம் கேட்கவில்லை.

சில வருஷங்களில் உங்கள் வயிறு உப்பத் தொடங்கியது. பெங்களூர் டாக்டர், அதே சளி வயிறெல்லாம் பரவியிருப்பதாக, அதுவும் ஒருவகைப் புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டு, "மொதல்ல எடுத்தத டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "எங்க தம்பியே கொண்டுபோய்க் குடுத்தான் சார். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நல்லவேள, அன்னிக்கு நீ போனே. இல்லன்னா, லீவு போடாம அசட்டையா இருந்துட்டோமேன்னு ஒங்கண்ணன் மனசு ஒடிஞ்சு போயிருப்பாரு."

அப்போதே தெரிந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் தொலைத்தேன். அதை உங்களிடமும் சொல்லவில்லை, இந்த நாள்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை பாட்டிலும் கையுமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு, இப்போது எங்களோடு இருக்கும் அண்ணன் என் மருமகளிடம் சொன்னார்: "ஒம் மாமனாராட்டம் ஒரு கொழுந்தன் யாருக்கும் வாய்க்காதும்மா. அந்தக் காலத்துலயே அவ வயித்துல எடுத்தத மடியில வெச்சு பெங்களூரு வரைக்கும் கொண்டுபோனவன்."

நான் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன், அண்ணி.