எந்த ஓகே?

அன்பு மகன் பிலாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் ராயபுரத்தில் நாங்கள் நலம், உன் அத்தாவின் முழங்காலைத் தவிர. ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உன் தோஸ்து அஃப்ரித் லீவு முடிந்து திரும்புகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கை இஷ்ரத் விஷயத்தில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மீஞ்சூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது, போட்டோவைக் காட்டி விவரமெல்லாம் சொன்னேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓகேம்மா என்றாள். சந்தோஷத்தில் அவர்களுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள், அத்தா பிரியாணிக்குப் பண்டாரியிடமும் சொல்லிவிட்டார். நேற்று புடவை எடுக்கக் கூப்பிட்டால் எதுக்கு என்கிறாள்! இன்னாம்மா நீ, ஓகேன்னா கேட்டுக்கினேன்னு அர்த்தம், ஒத்துக்கினேன்னு யாரு சொன்னா என்று என்னையே கேட்கிறாள். என் நிக்காஹுக்கு என்னைக் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவள் வாய் திறந்து சொல்லியும் சம்மதம் இல்லையாம். மீன்காரக் கன்னியம்மாவிடம் புலம்பினேன், எம் புள்ள வெறும் ம்முனு சொல்லிகினு கீறான், உம் பொண்ணாவது ரெண்டெழுத்து சொல்லுதே என்று சிரிக்கிறாள். (அவள் கொடுத்த நெத்திலிக் கருவாடு அஃப்ரித்திடம் இருக்கிறது, வெயிலில் காட்டி வை.)

பையனைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அப்படியும் இல்லையாம், யோசிக்கணுமாம். அதை அன்றைக்கே சொல்வதற்கென்னடி என்றால், சொன்னா நீ அழுவ, அதான் ஓகே சொன்னேன் என்கிறாள். கோபப்படுவதா, பாவம் என்பதா, தெரியவில்லை. அத்தாவிடம் இன்று சொல்லிவிட்டு, மீஞ்சூர்க்காரர்களிடம் நானே பேசித் தள்ளிப்போடப் போகிறேன், வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

அதிலிருந்து எனக்கு இன்னொரு குழப்பம். பெருநாளைக்கு வருகிறாயா என்று கேட்கும்போதெல்லாம் நீயும் ஓகேம்மா என்றுதான் சொல்கிறாய், மூன்று வருடமாக. நானும் ஒவ்வொரு தடவையும் உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போடுகிறேன். அது எந்த ஓகே, பிலால்?

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். மறக்காமல் பதில் போடு, வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ எழுது. அம்மா அழமாட்டேன்.

உன் அம்மா,
அஜீசுன்னிசா