நீங்கள் அனுப்பிய போர்வை

மாகறல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, வளர்மதி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியை எழுதிவிட்டு மற்றதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. உங்கள்கூட வேலை பார்க்கிற சேட்டு லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் அடித்ததும் உங்கள் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். இது அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டியது.

அம்முலுவுக்கு மூச்சிழுப்பு வந்திருக்கிறது. சளி என்று போனில் சொன்னது சளி இல்லை. தை மாதம் அறுத்த நெல்லை, கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரும்வரை நடு அறையில் அடுக்கி வைத்திருந்தோம். நானும் அவளும் அந்த மூட்டை ஓரத்தில்தான் படுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் அக்கா சாம்பிராணி போட்டார். அவர் போட்டால் சாமி படமே தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. அம்முலு இரும ஆரம்பித்தாள், நிற்கவில்லை. "புள்ள மேல எவளோ கண்ணு வச்சிக்கினு கீறா, இன்னும் கொஞ்சம் போடு" என்றார் அக்கா. நானும் தணலை விசிறிக் கொடுத்தேன் மாமா. குழந்தையின் உதடு நீலம் பாரித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, அவள் கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூக்கில் மருந்துப் புகை பிடித்த பிறகு மூச்சு சீரானது. அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டைச் சுத்தமாக வையுங்கள் என்றார் டாக்டரம்மா. சுத்தம் என்றால் நமக்குத் தெரிந்தது போகி சுத்தம்தானே! மறுநாளே நானும் அக்காவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். பரணில் ஒட்டடை அடித்தோம், மெத்தையைத் தடியால் தட்டினோம், துடைப்பத்தால் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கித் தள்ளினோம். குழந்தை கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானமே மறுபடி ஆஸ்பத்திரி. "தூசியப் போக்கச் சொன்னா, கிளப்பிவிட்டு புள்ள நெஞ்சுல ஏத்தியிருக்கீங்களே, அறிவு இருக்கா" என்று டாக்டரம்மா எல்லார் முன்னாலும் திட்டினார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு அவர் சொன்னபடியே செய்கிறேன். ஈரத்துணியால்தான் துடைக்கிறேன், அதுவும் அவளை வெளியே அனுப்பிவிட்டு. மூட்டைகள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டன. இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவிட்டேன். விரிப்பையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறேன். கொசுவத்திக்குப் பதில் வலை. சாம்பிராணியை நிறுத்தியதில் உங்கள் அக்காவுக்கு என்மேல் ஏகப்பட்ட கோபம். "வெள்ளிக்கெழமை பொக இல்லாத வூடு இன்னா வூடு" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது தெருவாசலில் கற்பூரம் ஏற்றி மனதைத் தேற்றிக்கொள்கிறார்.

இத்தனைக்குப் பிறகும், ஒரு நாள் காலையில் எழுந்ததும் அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. படுக்கையில் புசுபுசுவென்று ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இருக்கிறது மாமா. போன வருஷம் நீங்கள் அனுப்பினீர்களே, புலி போட்ட சிவப்புப் போர்வை. அப்பா வாசனை போய்விடும் என்று அதைத் துவைக்கவே விட்டதில்லை அவள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதில் குடியிருக்கும், எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன். காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தரம் துவைத்துக் கொடுத்து, "இனிமே ஒரு தடவ இருமினா, இது உனக்குக் கெடையாது" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து இருமலே இல்லை. உங்களிடமும் சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குக் கூடத் தெரியாத வைத்தியம் எனக்குத் தெரிந்திருக்கிறது பார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை காலையில் துணி எடுக்க உள்ளே போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தாள். போர்வை முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். கண் பிதுங்கித் தண்ணீர் வழிகிறது, தோள்பட்டை குலுங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. நான் துணியைப் பிடுங்கியதும் மூச்சு வாங்கவே அவளுக்கு முடியவில்லை. டாக்டரம்மா கொடுத்த பம்ப் மருந்தை வாயில் அடித்து, மூச்சு திரும்பி, பேச்சு வந்ததும் முதல் வார்த்தையாக, "நான் இருமலம்மா, பாரு, நான் இருமவே இல்ல" என்றாள். இத்தனை நாளும் அப்படித்தான் அடக்கியிருக்கிறாள், மாமா. நான் பக்கத்து அறையில் சோறு வடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

போர்வையை இப்போது அக்கா மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அவள் இன்னும் என் முன்னால் இருமுவதில்லை. இருமினால் வேறு எதையாவது எடுத்துவிடுவேன் என்று நினைக்கிறாளோ என்னவோ. முன்பெல்லாம் இருமல் சத்தம் கேட்டால் பயந்தேன். இப்போது வீடு அமைதியாக இருந்தால்தான் பயப்படுகிறேன். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் நெஞ்சில் காதை வைக்கிறேன். பள்ளிக்கூடம் போய்விட்டால் வாத்தியாரம்மாவுக்கு எத்தனை தடவை போன் போடுவது?

இன்னொரு போர்வை அனுப்பிவிடாதீர்கள். ஊருக்கு யாராவது வந்தால் உங்கள் பழைய லுங்கி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், அதைக் கொதிநீரில் போடலாம். வாசனை போய்விடும்தான், ஆனாலும் அப்பாவுடையது என்று வைத்துக்கொள்வாள். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஏரித் தண்ணீர் இந்த வருஷம் போதும், அந்தக் கவலை வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை பேசும்போது, போர்வை போனதில் அப்பாவுக்கு வருத்தமில்லை என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள், பிடுங்கினவள் நான்தானே. சொல்லிவிட்டு, வாயை மூடாமல் இருமச் சொல்லுங்கள் மாமா. நான் கொட்டகையில் இருந்தாலும் என் காதில் விழுகிற மாதிரி, நன்றாகச் சத்தமாக இருமச் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள்
வளர்மதி