ஓரத்து நாற்காலி

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று மற்ற நாளெல்லாம் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், நிதானமாக உட்கார்ந்து பதில் எழுது. போனில் பேசலாமென்றால் பக்கத்திலேயே அப்பா நிற்கிறார், நீயும் எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கேம்மா என்று சொல்லிவிட்டு உங்கள் ஊர்க் குளிருக்குத் தாவிவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விடுமுறை எப்படிப் போச்சு என்று கேட்டாயே, நம் வீட்டில் வேறு எப்படிப் போகும், டிவி முன்னால்தான். சங்கீதத்துக்குப் படம் எதற்கு என்பது என் கட்சி, பந்தயத்துக்குச் சத்தம் எதற்கு என்பது அப்பா கட்சி. அதனால் டிவியில் சத்தமில்லாமல் கைப்பந்து ஓடும், அலமாரி மேல் ரேடியோவில் வயலின் ஓடும், இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. நடுவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மனுஷருக்கு வாயில் விசில் இல்லாத குறைதான், சோபாவில் இருந்தபடியே கையை நீட்டிப் பந்து வெளியே என்று காட்டிக்கொண்டிருப்பார். ஆனால் உங்கள் இசைக்குழுவின் வருஷக் கடைசிக் கச்சேரியை ஒளிபரப்பிய அன்றைக்கு மட்டும் படமும் வேண்டும் சத்தமும் வேண்டும் என்று இரண்டு கட்சியும் கூட்டணி வைத்தோம். அப்பா சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, புதுக் கேசட் போட்டுப் பதிவு பண்ண வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாரையும் காட்ட மாட்டாங்கம்மா, ரொம்பத் தேடாதீங்க என்று நீ முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாய். தேடாமல் இருக்க முடியுமா? வயலின் பக்கம் இரண்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி, இத்தனை வருஷமாக உன் இடம். அதைக் காட்டினார்கள், திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அங்கே கண்ணாடி போட்ட யாரோ ஒருவன் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான்.

அப்பா கடைசிக் கைதட்டல் வரைக்கும் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் வழக்கப்படி கண்ணை மூடிக் கேட்டிருக்கலாம், நீதான் வாசிக்கிறாய் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். மறுநாள் நீ போன் பண்ணி, நல்லாப் போச்சும்மா, கைதட்டு அடங்கவே நேரமாச்சு என்றாய். ஆமா, பார்த்தோம்டா என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை. விடுமுறைக்கென்று நூலகத்திலிருந்து தடியாக ஒரு துப்பறியும் நாவல் எடுத்து வந்திருந்தேன். முடிவை முதலில் படிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதற்காக உன்னையே திட்டியிருக்கிறேன். இப்போது ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, பொறுக்க முடியாமல் நானே கடைசி அத்தியாயத்தைப் புரட்டிவிட்டேன். கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது, நிம்மதிதான் வரவில்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டார்களோ, யாருடனாவது மனஸ்தாபமோ, உடம்புக்கு ஏதாவதோ என்று மனசு கண்டதையும் நினைத்துத் தொலைக்கிறது.

இதற்கு நடுவில் உன் அத்தை வேறு. பயணத்தில் இருந்ததால் கச்சேரியைப் பார்க்கவில்லையாம், கேசட்டைப் போட்டுக் காட்டுங்கள் என்று தன் தையல் கடைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிவிட்டாள். உன் நாற்காலியில் வேறொருவன் இருப்பதைப் பார்த்துவிடுவாளே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா நிதானமாகக் கேசட்டைப் போட்டார். பார்த்தால் கச்சேரியைக் காணோம், கைப்பந்து இறுதிப் போட்டி ஓடுகிறது. அடடா, கவனிக்காம அது மேலேயே பதிவு பண்ணிட்டேன் போல என்று தலையைச் சொறிந்தார். பெத்த பொண்ணு கச்சேரியைவிடப் பந்துதான் பெருசா அண்ணே என்று அத்தை பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். அவர் கேசட்டை வெளியே எடுத்து அலமாரியில் வைத்தார். எல்லாரும் போன பிறகு என் பங்குக்கு நானும் திட்டினேன். காப்பிக் கோப்பைகளைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. கோட்டில் பந்து பட்டும் படாமல் போனாலே கண்டுபிடிக்கிற மனுஷர், எதை அழிக்கிறோம் என்று கவனிக்காமல் அழித்தாராம்!

அதற்கப்புறம், போன தடவை நீ வந்திருந்த நாட்களை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். தினம் காலையில் சீப்பை எடுத்து வந்து, பின்னி விடும்மா என்று என் முன்னால் உட்கார்ந்தாயே. அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறவளுக்கு இன்னும் அம்மா கை வேண்டியிருக்கு என்று மாடி வீட்டம்மா வரைக்கும் பெருமையடித்துக்கொண்டேன். வயலின் பெட்டியையும் நீ திறக்கவில்லை, லீவுல கூடவா வாசிக்கணும் என்று சிரித்தாய். கண்ணு, வயலின் பிடிக்கிற அந்த இடது கையை உன்னால் தூக்க முடியவில்லையா? டாக்டரிடம் காட்டினாயா, என்ன சொன்னார்? பல்லைக் கடித்துக்கொண்டு மட்டும் வாசிக்காதே. தனியாகக் குளிர் தண்ணீரில் துணி துவைக்காதே, கனமான பையைத் தூக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் இந்தக் கை விஷயத்தை அவரிடம் மூச்சுவிடவில்லை, அவர் மைதானத்துக்குப் போன நேரம் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதி உறையைத் தேடும்போது அப்பா வந்துவிட்டார். குட்டிக்கு விடுமுறைக் கதை எழுதுறேன் என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, கை எப்படி இருக்குன்னு கேட்டு எழுது, வந்திருந்தப்போ நான் போட்ட பந்தையெல்லாம் ஒத்தைக் கையாலதான் எடுத்தா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டிவி ஓடுகிறது, இன்றைக்கு ரேடியோவை நான் போடவில்லை.

நோய் நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, இனிமேல் போனில் நடிக்காதே. சீக்கிரம் புறப்பட்டு வா, தலை பின்னி விட நான் இருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா