கட்டியாகாத மார்மலேடு

ஜனவரி 11, வியாழன்
மழை. கடைக்கு செவில் ஆரஞ்சு வந்துவிட்டது. மேடும் பள்ளமுமான தோல், வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் மார்மலேடுக்கு, அதாவது ஆரஞ்சுத் தோல் ஜாமுக்கு, இதை விட்டால் வேறில்லை. ஒரு பை வாங்கினேன்.

எதிர்வீட்டு மிஸஸ் தோர்ப் வாசலில் நின்றிருந்தார். கணவரை இழந்தவர், இலையுதிர் காலத்தில் குடிவந்தவர். “இத்தனையும் தனி ஆளா தின்னப் போறீங்களா?” என்றார்.

“மார்மலேடு போடப்போகிறேன். கட்டியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு நீங்கள் வரவேண்டும்.”

சொன்னது நான்தானா? பள்ளியில் லத்தீன் நடத்திய காலத்தில் சக ஆசிரியர்களைக்கூட வீட்டுக்கு அழைத்ததில்லை.

“வர்றேனே,” என்றார்.

ஜனவரி 13
தோலை ஒரே அளவாக நறுக்கினேன். விதைகளைச் சுத்தமாக நீக்கிக் குப்பையில் போட்டேன். கொதித்த பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த சாஸரில் விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழவேண்டும். விழுந்தது. ஆனால் சுருக்கம் பாகிலா, என் விரலிலா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 14
பாட்டிலைச் சாய்த்தேன். தேநீர் மாதிரி ஓடுகிறது. இன்னும் தண்ணீராக இருக்கிறது, இந்த வாரம் இல்லை என்று மிஸஸ் தோர்ப்பிடம் சொல்லிவந்தேன்.

ஜனவரி 18
கடைக்கார லென், வரிசையில் எல்லோரும் கேட்கும்படி: “வாத்தியாரே, உங்க மார்மலேடு இன்னும் தண்ணியாவே இருக்காமே? எதிர்வீட்டம்மா விசாரிச்சாங்க!”

முட்டைக்கோஸ் வாங்கப் போனவன் வாங்காமலே வந்துவிட்டேன். விசாரித்தார் என்றால் – ஆவலாகவா, அல்லது சும்மாவா?

ஜனவரி 20
அக்கா ஹில்டாவுக்குப் போன் செய்தேன்.

“விதையைக் குப்பையிலயா போட்ட? அட மண்டு! கட்டியாக்குற பசையே அதுலதாண்டா இருக்கு. துணியில முடிஞ்சு கூடவே கொதிக்க விடணும்.”

எலுமிச்சை வாங்கிவந்து, அதன் விதைகளைத் துணியில் முடிந்து, எல்லாவற்றையும் மறுபடி கொதிக்கவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு
இப்போது ஓடவில்லை, நடக்கிறது. ரொட்டியிலிருந்து சட்டைக் கைக்கு வந்துவிட்டது.

தெருவில் மிஸஸ் தோர்ப். “இந்த வாரமும் இல்லையா?”

“இன்னும் கொஞ்சம்...”

“ஐயோ, ஒரு அவசரமும் இல்ல,” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது போல இருந்தது. வர விருப்பமில்லையோ? பாவம், மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டாரோ?

ஜனவரி 27, சனி
மூன்றாவது தடவை அடுப்பில் ஏற்றினேன். நடுவே ஹில்டாவின் போன். பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். புகை வந்தபிறகுதான் நினைவு வந்தது. கரி. இப்போது நன்றாகவே கட்டியாகிவிட்டது, பாத்திரத்தோடு சேர்த்து.

“போச்சு, ஹில்டா. இனி அவரை எப்படிக் கூப்பிடுவது?”

“டேய் நார்மன், அந்தம்மாவை நீ கூப்பிட்டது ஜாம் நக்கவா? உன்கூட உக்காரவா?”

போனை வைத்தேன். மேல்கோட்டைப் போட்டேன். கழற்றினேன். திரும்பப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

“மிஸஸ் தோர்ப், மார்மலேடு கரிந்துவிட்டது. ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. இருந்தாலும் நாளை நீங்கள் வரலாமா? வெண்ணெய் இருக்கிறது.”

“மொத்தமும் போச்சா?”

“மொத்தமும்.”

கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவு. “அப்பாடா! எனக்கு அந்தக் கசப்பு ஆகவே ஆகாதுங்க. ரெண்டு வாரமா, எப்படி முழுங்கப் போறோம்னு பயந்துட்டே இருந்தேன்!”

“அப்படியென்றால் ஏன் வருவதாகச் சொன்னீர்கள்?”

“மார்மலேடு தின்னவா சொன்னேன்?” என்றார். பிறகு, “மிரியம்னே கூப்பிடுங்க.”

ஜனவரி 28, ஞாயிறு
முட்டை வேகவைத்தேன். மிரியமுக்கு மஞ்சள் கரு ஓட வேண்டுமாம், கட்டியானால் பிடிக்காதாம். முதல் தடவையே சரியாக வந்தது.