கேக்கின் மேல் ஒரு பெயர்

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து ஆடிக் காற்று. தல்லாகுளம் முழுக்கப் புழுதி. மாடியில் காயப்போட்ட போர்வையை மறுபடி துவைக்க வேண்டும்.

ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி பாண்டியம்மாள். மதியம் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை மகள் யாழினிக்கு ஏழு வயசு ஆகிறது, சின்னதாக ஒரு கேக் செய்து தர முடியுமா என்று. எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது எனக்கு. அவள் வீட்டுக்காரர் தவறிப் பத்து மாதம்தான். இந்தப் பத்து மாதத்தில் வாய் திறந்து எதையும் கேட்டவள் இல்லை.

வருஷம் திரும்பும்வரை பாயசம், பலகாரம் எதுவும் கூடாது என்று பேரையூரில் மாமியார் வீட்டில் கண்டிப்பாம். "கேக்கப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. அவுக யாருக்கும் அந்த நெனப்பே வரல" என்றாள். சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

வாங்க: வெண்ணெய், மைதா, முட்டை 6, கிரீம் 1 பாக்கெட், நீலக் கலர். பாப்பாவுக்கு நீலம்தான் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில், காற்று, வெயில்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், இல்லாத கேக்கை. வெள்ளை கிரீம், ஓரத்தில் நீலப் பூக்கள், நடுவில் வெறும் வெள்ளை, வெள்ளையடித்த மொட்டை மாடி மாதிரி. சூப்பிரண்டு இரண்டு தரம் கூப்பிட்டாராம். கேட்கவே இல்லை.

சாயங்காலம் யாழினி போன் செய்தாள். அம்மா குளிக்கப் போயிருக்கிறாளாம், அதனால் ரகசியக் குரல். "பெரியம்மா, கேக்குல எம்பேருக்குக் கீழ அப்பா பேரும் எழுதுங்க. ஸ்கூல் டைரியில அப்படித்தான் இருக்கு. அம்மாட்ட சொல்லாதீங்க."

சரிடா கண்ணு என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறை. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. கேக் பாதி வெந்திருந்தது. ஓவன் கதவைத் திறக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் வந்தது. நடுவில் லேசாக அமுங்கல். கிரீம் மூடிவிடும்.

கிரீம் கிண்ணத்தை ஐஸ் மேல் வைத்து அடித்தேன். தண்ணீராக இருந்தது திடீரென்று கோடு விழ ஆரம்பிக்கிற அந்த நேரம் எனக்கு எப்போதும் பிடிக்கும். கையில் கரண்டியோடு அப்படியே நின்றிருக்கிறேன். இவர் வந்து, "என்ன, ஆள் இங்க இருக்கியா?" என்றார்.

அப்புறம் பெயர். பாண்டியம்மாள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பழகிய நாலு வருஷமும் "அவுக", இல்லாவிட்டால் "பாப்பா அப்பா". அந்தப் பெயரை முதன்முதலில் ஆரப்பாளையத்தில் அவர்கள் தெருமுனைச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் வாசித்தேன். இன்றைக்கு நீல கிரீமில் நானே எழுதுகிறேன். 'ரா' கோணிவிட்டது. வழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

யாழினி. கீழே தங்கராசு. பெரிய எழுத்து, நட்டநடுவில். அழகாக வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் வண்டி ஓட்ட, நான் மடியில் பெட்டி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது.

பாண்டியம்மாள் பெட்டியைத் திறந்தாள். பார்த்தாள். பாப்பா கைதட்டினாள். மெழுகுவர்த்தி வேண்டாம் என்று பாண்டியம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். பாப்பா கையில் கத்தி, அதன் மேல் அம்மா கை. கத்தி கேக்குக்கு மேலே போய் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேக் என்றால் வெட்ட வேண்டும். மூன்று நாளாக எந்தப் பூ, எந்த நீலம் என்று மிதந்துகொண்டிருந்தவளுக்கு அது மட்டும் தோன்றவே இல்லை. கிறுக்கி நான்.

"அப்பா மேல கத்தி வைக்க வேணாம்மா" என்றாள் பாப்பா. பாண்டியம்மாள் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம். நான் ஓரத்துப் பூவைக் கரண்டியால் எடுத்துப் பாப்பாவுக்கு ஊட்டினேன். இவருக்கும் கொஞ்சம். கிளம்பும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்கக்கா" என்று மட்டும், கதவுப் பக்கம் பார்த்து.

வீட்டுக்கு வந்து ஓவனுக்கு மேல் துணியைப் போட்டு மூடினேன். பத்து மாதம் கழித்து அவளாகக் கேட்ட ஒன்று. அதையும் இப்படிச் செய்துவிட்டேன். நாளைக்கு எந்த முகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார?

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று இல்லை. இறுக்கம்.

பத்தேகால் வரை அவள் வரவில்லை. லீவு போலிருக்கிறது என்று நினைக்கும்போது வந்தாள். கழுவித் துடைத்த கேக் அட்டையை என் மேசையில் வைத்தாள். சாப்பாடு வரைக்கும் பேச்சில்லை. நானும் குனிந்தபடி தபால்களைப் பதிந்துகொண்டிருந்தேன்.

மதியம் டப்பாவைத் திறந்ததும் மன்னித்துக்கொள், யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. வாயைத் திறந்தபோது பார்த்தேன், நாக்கு, பல், உதட்டோரம் எல்லாம் நீலம்.

"பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பிட்டு பிரிட்ஜத் தொறந்தேன்க்கா. கத்தி எடுக்கல. ஒவ்வொரு எழுத்தா விரலால எடுத்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தின்னேன். இம்புட்டு நாளும் அவுகளப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அதான் லேட்டு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"'சு' மட்டும் தட்டுல எடுத்து வச்சிருக்கேன். பாப்பா வந்து திங்கட்டும்."